சட்டைக்குள் மாட்டிய கை

ஜூலை 7, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை நெரிசல். பிசியோவுக்குத் தாமதம்.
வலது தோளில் அறுந்த தசைநாரைத் தைத்தார்கள். தையல் ஆறிவிட்டது, தோள் இறுகிவிட்டது. கை நெஞ்சுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது.
பிசியோ பெண் ஷாலினி: "ஆன்டி, மூச்ச அடக்காதீங்க லா. தோள லூசா விடுங்க."
விட முடிந்தால்தானே.
கார் ஓட்டியது வீட்டுக்காரர். எனக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டதும் அவர்தான். நான் பள்ளி வேன் ஓட்டியவள்.

ஜூலை 8, செவ்வாய்
தலை சீவிவிட்டார். கோணல் வகிடு. மீனில் முள் எடுத்துத் தட்டில் வைத்தார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம், கோபப்படக்கூட வழியில்லை.
சாப்பிடும்போது: "சரசு, வேன வித்துடலாம். சனிக்கிழம காஜாங்லேருந்து ஒருத்தர் பாக்க வராரு."
"என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?"
"இந்தக் கைய வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?"
வாசலில் வேன். கண்ணாடி முழுக்கச் சருகு.

ஜூலை 10, வியாழன்
அவர் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தார். நானே டீ-சட்டை மாற்றப் பார்த்தேன். தலை நுழைந்தது. வலது கை பாதியில் மாட்டிக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முகத்தின் மேல் துணி, உள்ளே என் மூச்சுச் சூடு. கத்தினால் பக்கத்து வீட்டில் கேட்கும். இந்தக் கோலத்தில் யாரைக் கூப்பிட? நின்றபடியே அழுதேன். பிறகு வெறி வந்து இழுத்தேன்.
தோளுக்குள் டப் என்று சத்தம்.
வீட்டுக்காரர் வந்து கத்தரிக்கோலால் சட்டையை வெட்டி எடுத்தார். தைத்தது அறுந்துவிட்டதோ?

ஜூலை 11, வெள்ளி
ஸ்கேன். டாக்டர்: "தையல் நல்லாதான் இருக்கு. இறுகுனது கொஞ்சம் விட்டிருக்கு. ஆனா இனிமே இப்படி இழுக்காதீங்க."
ஷாலினியும் திட்டினாள். பிறகு கையை மெல்லத் தூக்கினாள். உயிர் போகிற வலி. "ஆன்டி, கண்ணு வரைக்கும் வருது!"
"வேன் ஓட்டலாமா?"
"இப்போ முடியாது. ஆனா முடியவே முடியாதுன்னு நான் சொல்லல."
வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் வேன் பார்க்க வரும் ஆளை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூலை 12, சனி
வெயில். காஜாங் ஆள் வந்து டயரை உதைத்துப் பார்த்தார். நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டேன்.
"சரசு, எறங்கு. ஆளு நிக்கிறாருல்ல."
"நிக்கட்டும்."
"அங்கிள், நான் அப்புறம் வரவா?" என்கிறார் அந்த ஆள்.
இன்றைக்கு ஓட்ட முடியாது, தெரியும். உள்ளே புழுக்கம். இதை ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார். தட்டட்டும்.