வெள்ளரிக் கொல்லையில் குனிந்தவர்

முவைலா, சார்ஜா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி பரவாயில்லையா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் சைட்டில் செம்புக் கேபிள் காணாமல் போனது. கேபிள் கட்டுக்குப் பக்கத்தில் நான் குனிந்தது கேமராவில் இருந்ததாம். ஷூ கயிறு கட்டினேன் என்றேன், யாரும் நம்பவில்லை. மூன்று நாள் டூட்டி இல்லை. ரூமில்கூட ஒருவரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. நேற்று கேபிள் வேறு சைட்டில் கிடைத்துவிட்டது, கவலைப்படாதீர்கள்.

எங்கள் சீன ஃபோர்மேன் லியாங் ஒரு விவசாயியின் மகன். அரைகுறை இந்தியில் சொன்னார்: “எங்க ஊர்ல முலாம்பழத் தோட்டத்துல நடக்குறவன் செருப்பைச் சரிபண்ணக் குனிய மாட்டான் பாய். தூரத்துல நிக்கிறவனுக்குப் பழம் பறிக்கிற மாதிரியே தெரியும். அதுலேர்ந்து ஒரு பழமொழியே வந்துச்சு.”

அவர் சொன்னதும் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது அப்பா. நம் வெள்ளரிக் கொல்லையில் வார் அறுந்த செருப்போடு குனிந்தவரை நீங்கள் மரத்தில் கட்டிவைத்தீர்கள். அவர் மடியில் ஒரு பிஞ்சுகூட இல்லை. நானும் கல் எறிந்தேன்.

லீவில் வரும் விஜயபாஸ்கரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் திரும்பும்போது கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். டூட்டி பஸ் வந்துவிட்டது. அந்த மனிதரின் பேரையும் ஊரையும் விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் மகன்,
அம்மையப்பன்