ஃபின்டன் தின்ற கேக்

1957, ஏப்ரல் 29

பீர் கேக் தின்பது குடித்ததாகுமா, தம்பி ஃபின்டன்? புனித பிரிஜித்தம்மா குளித்த தண்ணீரையே பீராக்கி விருந்தாளிகளுக்குக் கொடுத்தவள். நம் மடத்துச் சாமியார்களும் பீர் காய்ச்சியவர்கள்தான். நீ என்ன அவங்களவிடப் பெரிய புனிதனா? ஒரு துண்டு கேக்குக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறியே.

மே 1

ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்கு ஞானஸ்நானம். தம்பி ஃபின்டனும் வந்திருந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பீர் ஆலையில் உழைத்தவர்கள். நான் பீப்பாய் கழுவினேன். அவன் முளைகட்டிய பார்லியைச் சூளையில் வறுத்தான். ஆலையில் தினமும் ஆளுக்கு இரண்டு குவளை இலவசம். அவன் பங்கையும் நான்தான் குடிப்பேன். அப்பா குடித்தே செத்தார். அவர் ஆன்மாவுக்காக ஆயுள் முழுக்கக் குடியைத் தொடமாட்டேன் என்று பதினெட்டு வயதில் சத்தியம் பண்ணி, அதற்கு அடையாளமான திருஇருதயச் சின்னத்தைக் கோட்டில் குத்திக்கொண்டவன் அவன். நாற்பத்தைந்து வருஷம்.

கறுப்பு பீர் கேக்கை, அதில் பீர் இருப்பதைச் சொல்லாமல், நானே வெட்டிக் கொடுத்தேன். அவன் தின்று முடித்ததும், "இன்னியோட உன் சத்தியம் போச்சுடா தம்பி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சின்னத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

விளையாட்டுதானடா — அதைப் போய் எதுக்குக் கழட்டினே?

மே 4

அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை.

மே 6

சாமியாரிடம் போனேன். "அடுப்புல வெந்தா சரக்கெல்லாம் ஆவியாப் போயிடும். சத்தியம் உடையல, போய்ச் சொல்லு" என்றார்.

உயிர் வந்தது. ஆனால் கேக் வெந்து ஆறின பிறகு, ஊசியால் குத்திக் குத்தி அரை பாட்டில் பீரை ஊற்றியவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை. ஃபின்டனிடமும் சொல்லமாட்டேன். எனக்குத் தம்பி வேணும்.

மே 15

காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் அவனைப் பிடித்தேன். சாமியார் சொன்னதைச் சொல்லிச் சின்னத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"அண்ணே, நாப்பது வருஷம் பார்லி வறுத்த மூக்கு இது. வெந்த பீருக்கும் பச்சை பீருக்கும் வித்தியாசம் தெரியாதா? வாய்கிட்ட கொண்டுபோகும்போதே தெரிஞ்சுது."

"அப்ப தட்டுலயே வச்சிருக்கலாமில்லடா, கழுத."

"வச்சிருக்கலாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நல்லா இருந்துச்சு. இன்னொரு துண்டு கேக்கலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீ பேசிட்டே. அப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாரு, இல்ல?"

"இல்லடா, அது நான் பண்ணின களவாணித்தனம், நீ என்ன—"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். தெருவில் முதல் மதுக்கடையைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். மூன்றாவதன் வாசலில் நின்று, கோயிலுக்குள் நுழைகிறவன்போலத் தொப்பியைக் கழற்றினான்.