துட்டி வீட்டில் ஒரு ஸ்டார்

என்னை வையவும் வயிறாரச் சோறு போடவும் தெரிந்த ஒரே ஆளான லில்லி மைனிக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? இங்கே கிறிஸ்மஸ் முடிந்து மூன்று நாளாகிறது. நீங்கள் ஆனி மாதம் போனீர்கள், அதனால் இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. சாவு விழுந்து துட்டி நடந்த வீட்டில் முதல் வருஷம் ஸ்டார் தொங்கவிட மாட்டார்கள், முந்திரிக்கொத்து சுட மாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா? ஆனால் நான் ஸ்டார் போட்டேன், மைனி. தெருவே என்னைத் திட்டுகிறது. ஏன் போட்டேன் என்று உங்களிடம் மட்டுமாவது சொல்ல வேண்டும்.

நவம்பர் கடைசியில் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து வந்தார்கள். கிறிஸ்மஸ் மதியம் இல்லாதப்பட்ட வீடுகளுக்கு நீங்கள் கொண்டுபோகும் பொதிச்சோற்றை இனி யார் கொண்டுபோவது என்று கேட்டார்கள். என் அண்ணன் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே நீங்கள் செய்த வேலை. மஸ்கட்டில் நர்ஸ் வேலை முடித்து வந்த நாள்முதல் நான் கிண்டலடித்த வேலை. “நான் குடுக்கேன்” என்று என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ! தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

யாருக்கெல்லாம் பொதி வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்கப் போனேன். எல்லாரும் உங்களைச் சொல்லி அழுதார்கள். கடைசியாக, வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒற்றையாய் இருக்கும் செல்லத்தாய் அக்கா வீடு. நீங்கள் போன சமயம் அவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது வீட்டில் கட்டிலே கதி. கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு பெண் களியக்காவிளைப் பக்கமிருந்து வருகிறாள், அவளுக்கு நம்மைத் தெரியாது. வேறு யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

“ஏட்டி கிரேசு, ஒனக்க மைனி எங்க? என்னய வந்து பாக்கணும்னு தோணலியா அவளுக்கு?” என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார், மைனி.

“முட்டுவலிக்கா. நடக்க முடியல.”

“அதான் ஸ்டாரு போடலியா? இங்க கெடந்தா ஜன்னல் வழியா ஒங்க மாடி ஸ்டாருதான் தெரியும். எனக்கு அதுதான் துணை.”

“நாளைக்குப் போட்டுருவோம்க்கா.”

பாவி நான். எத்தனை பேரிடம் எத்தனை சாவுச் செய்தி சொன்ன வாய் இது! ஆனால் அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? மற்ற வீடுகளில் எல்லாம் நீங்கள் கல்லறையில் இருக்கிறீர்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் முட்டுவலியோடு உயிரோடு இருந்தீர்கள். மறுநாளே மாடி ஏறி ஸ்டார் கட்டினேன். பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி அடிக்கடி அங்கே போனேன். “எண்ண காய்ச்சி அவளுக்குத் தேச்சுவிடுட்டி” என்பார். சரிக்கா என்பேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கட்டில் மடக்கியபடி நிற்கும்.

சங்கத்துச் செயலாளர் நம் வாசலில் நின்று கத்தினார். “துட்டி வீட்டுல ஸ்டாரா? அவ குழிமண்ணு காயல, ஒனக்குக் கொண்டாட்டம் கேக்குதோ?” என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, சும்மா விடுவேனா? ஆனால் அன்று விட்டேன். காரணத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது வாழைத்தோட்டத்தைத் தாண்டிவிடும். நல்லா ஏச்சு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும் பொதிகளோடு கிளம்பினேன். செல்லத்தாய் அக்கா வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்து நீட்டினார். கஞ்சி வைக்கும் பெண்ணிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்.

“வருசா வருசம் அவ எனக்குக் கொண்டுவருவா. இது நான் அவளுக்குக் குடுக்கது. முட்டுல தேய்க்கச் சொல்லு.”

என் கை நீளவே இல்லை, மைனி. இதற்கு மேலும் ஏமாற்றினால் நான் மனுஷியா?

“மைனி செத்துப் போயிட்டாவக்கா. ஆனி மாசமே.”

அவர் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வைவார், இல்லை அழுவார் என்று நின்றேன். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப இண்ணைக்கு ஒனக்கு ஆரு மக்கா சோறு விளம்புவா?”

உங்கள் அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. பரிமாற ஆளில்லாமல் ஆறு மாதமாக நின்றபடியே சட்டியிலிருந்து அள்ளித் தின்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் என்னைப் பொதியைப் பிரிக்கச் சொன்னார். சோற்றைப் பாதியாக்கி, இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளினார். “தின்னு” என்றார். அழுதுகொண்டே தின்றேன்.

நீங்கள் உயிரோடு இருந்த கடைசி வீட்டையும் நானே மூடிவிட்டு வந்திருக்கிறேன். இனி எந்த வீட்டிலும் உங்களுக்கு முட்டுவலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மைனி. நான் சொல்லியிருக்கக் கூடாதோ?

ஈஸ்டருக்கும் பொதி நானேதான் கொண்டுபோவேன். கொடுத்துவிட்டு ஓடிவர மாட்டேன். செல்லத்தாய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விளம்புவதைத் தின்றுவிட்டுத்தான் வருவேன். நீங்கள் இல்லை என்பதை ரெண்டு பேருமாகப் பேசிப் பேசிப் பழகிக்கொள்கிறோம். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே நாத்தனார்
கிரேஸ்