காதில் விழாமலே சொன்ன பதில்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தங்கையும் சுகம், நீயும் வேலைக்குப் போன ஊரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு மட்டும் ஒரு குறை உண்டு, காது சரியாகக் கேட்பதில்லை. மூன்று வருஷமாகவே அப்படித்தான். தகடு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றால் வேறு என்ன ஆகும். உன்னிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பட்டறையில் தெரிந்தால் இந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு வரும், அது போக எனக்கே ஒப்புக்கொள்ள வெட்கம். யாராவது பேசினால் முகத்தைப் பார்ப்பது, அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பது, கேள்வி மாதிரி இருந்தால் ஆமாம் என்பது, இப்படியே ஓட்டிவிட்டேன். உங்கம்மாவிடம் மட்டும் அது பலிக்குமா? சமையலறையிலிருந்து அவள் கூப்பிடுவது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டு, அவர் வந்து கதவைத் தட்டி, உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அப்போதும் ஏதோ யோசனையில் இருந்தேன் என்றுதான் சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

உன் தங்கைக்கு இது கடைசி வருஷம், ஒரு புராஜெக்ட் செய்து காட்டினால்தான் பட்டம். போனில் ஒரு ஆப், சுவரில் ஒரு எல்.இ.டி. பலகை, ஆப்பில் எழுதுவதைப் பலகை ஓடவிட்டுக் காட்டும், அதுதான் செய்யப்போகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டால், அம்மாவுக்குத் தொண்டை வலிக்கிறதாம், அதற்காம். கெட்டிக்காரி, என் காதைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டு மாசம் மேஜை முழுக்க ஒயர்தான். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள், பதினாறு புள்ளி உயரத்துக்குள் அடங்க வேண்டுமாம், ஞா மட்டும் நாலு தடவை அழிந்தது. ஒயரை ஈயம் உருக்கி ஒட்டச் சால்டர் வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டாள். என் பங்குக்கு அலுமினியத் தகட்டில் சட்டம் வளைத்துக் கொடுத்தேன், நாலு மூலையும் தொண்ணூறு டிகிரி, யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கட்டும். முதல் நாள் சாப்பிட வாங்க என்று மரியாதையாக ஓடியது. அப்புறம் உங்கம்மாவுக்குக் கை பழகிவிட்டது. செருப்பை அங்கே ஏன் போட்டீங்க, டிவியைக் குறைங்க, நேற்றுச் சொன்னது என்ன ஆச்சு. முப்பது வருஷமாகக் காற்றோடு போனதெல்லாம் இப்போது சிவப்பு எழுத்தில் வருகிறது.

போன வாரம் தேர்வு. பயன்படுத்துகிற ஒருவரையும் அழைத்து வரச் சொல்லியிருந்ததால் என்னைக் கூட்டிப்போனாள். மூன்று ஆசிரியர்கள், அவர்களுக்குத் தெரியட்டும் என்று பலகையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள், எனக்குத் தெரிந்தது பலகையின் முதுகுதான். கண்ணாடி போட்ட ஒரு மேடம் சட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி என்னிடம் ஏதோ கேட்டார். வேலைப்பாட்டைப் பாராட்டுகிறார் என்று நானும் சிரித்து ஆமாங்க என்றேன். மறுபடியும் கேட்டார், இப்போது சிரிப்பில்லை. நான் பூம்பூம் மாடு மாதிரி இன்னும் பலமாகத் தலையாட்டினேன். உன் தங்கை முகத்தில் ஈயாடவில்லை. மேடம் பேனாவை எடுத்துவிட்டார். இவள் பலகையைத் தூக்கி என் பக்கம் திருப்பி, போனில் தட்டினாள். எல்லாம் நீங்களே செஞ்சு கொடுத்ததான்னு கேட்கிறாங்கப்பா என்று ஓடியது. இரண்டு தடவை ஆமாம் என்றிருக்கிறேன்! அவள் நாலு வருஷப் படிப்பில் நானே மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன். எழுந்து நின்று, மேடம், எனக்குக் காது கேட்காது, நீங்க கேட்டது எதுவுமே என் காதில விழல, சும்மா தலையாட்டினேன், அந்தச் சட்டம் மட்டும்தான் என் வேலை, மிச்சமெல்லாம் அவளோடது என்றேன். சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன் போல, வெளியே நின்ற பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் கையை நீட்டிப் போனை வாங்கி, எத்தனை வருஷமாகக் கேட்கவில்லை என்று தானே தட்டினார். மூணு வருஷம் என்றேன். அப்புறம் கால் மணி நேரம் அவர் தட்டவும் நான் பதில் சொல்லவும் பேச்சு ஓடியது, உன் தங்கை பேசவே வேண்டியிருக்கவில்லை. ஒயர் கட்டியது அலங்கோலம் என்று கொஞ்சம் மார்க் குறைத்தார்கள், மற்றபடி நல்ல மார்க். சட்டத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் பட்டறையிலும் உண்மையைச் சொன்னேன், அது எல்லோருக்கும் முன்பே தெரியுமாம்.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கம்மா ரொம்ப நேரம் போனில் தட்டினாள். பையன் திரும்பி வந்துடட்டுமான்னு கேட்டதுக்கு ஏன் வேண்டாம்னு சொன்னீங்க என்று ஓடியது. மறுபடியும் ஓடவிடச் சொல்லிப் படித்தேன். நேற்றுக் காலையில்தான் நீ அவளிடம் சொன்னாயாம். நாலு மாசத்துக்கு முன்னால் போனில் உன் குரல் வெறும் இரைச்சலாகத்தான் வந்தது, நீ எப்போதும் சட்டை அனுப்பட்டுமா, ஷூ அனுப்பட்டுமா என்று கேட்பாயே, அதுதான் என்று நினைத்து, வேண்டாம்பா, இங்கே வைக்க இடமே இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாலு மாசம் அங்கே எப்படி இருந்தாய் ராஜா? ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தாலும் அன்றைக்கே கிளம்பி வா என்றிருப்பேன். இப்போது சொல்கிறேன், வா. வேலை பிடிக்கவில்லை என்றால் வா, இப்போது பிடித்துப்போயிருந்தால் பார்த்துவிட்டுப் போகவாவது வா. உனக்கு இல்லாத இடம் இந்த வீட்டில் வேறு யாருக்கு?

நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகிறேன். அதுவரை முக்கியமானது எதுவாக இருந்தாலும் எழுதியே அனுப்பு, போனில் நான் சொல்கிற ஆமாமையும் வேண்டாமையும் நம்பாதே.

இப்படிக்கு,
காது கேட்காத உன் அப்பா