பதினாலு சிரிப்பு

ஜன. 27, செவ்வாய்

காலையில் நல்ல பனி. எடை மேடைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் லாரி நம்பர் படிக்க வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்குள் இருபத்தாறு வண்டி, எல்லாம் சுண்ணாம்புக் கல். இந்த வேலையில் ஒரு வசதி, தலையில் எது நரை எது தூசி என்று யாருக்கும் தெரியாது.

வாங்க: து. பருப்பு, பாத்திர நார், இவருக்கு முழங்கால் தைலம்.

எங்கள் ‘பெரம்பலூர் அரியலூர் சிரிப்புச் சங்கம்’ வாட்ஸ்அப் குரூப்புக்கு இன்றோடு பன்னிரண்டு வருடமாம். தா.பழூர் பாஸ்கர் கேக் படம் போட்டிருந்தான். பழைய ‘பின்கட்டு போர்ஷன்’ சீரியலைப் பற்றிப் பேச ஏழு பேர் ஆரம்பித்தது, இப்போது நூற்றுப் பதினெட்டு. பாதிப் பேர் திருப்பூர், கல்ஃப். பேச்சில் சீரியல் கால் பங்கு, கட்சி முக்கால் பங்கு. தேர்தல் வேறு வருகிறது.

புதிதாகச் சேர்ந்த திருமானூர்ப் பெண் கேட்டாள், “பி.போ.ன்னா என்ன கதைங்க?” சொன்னேன். வாரா வாரம் ஹவுஸ் ஓனர், பின்கட்டில் குடியிருப்பவரிடம் கத்துவார்: “நாளைக்கே காலி பண்ணுய்யா!” அவர் கையைக் கட்டிக்கொண்டு, “மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க சார்” என்பார். கடைசி வரை காலி செய்யவே மாட்டார். அவ்வளவுதான்.

“இதுல என்னங்க சிரிப்பு?” என்கிறாள். என்னத்தைச் சொல்ல.

குரூப்பில் நான்தான் ஓனர். ‘ஓனரம்மா’ என்றே பெயர். சண்டை முற்றினால் “நாளைக்கே காலி பண்ணுய்யா!” போடுவேன். அடுத்த நிமிடம் எங்கள் குடித்தனக்காரன் ஜமால் “மாசக் கடைசி வரைக்கும்…” போடுவான். எல்லோரும் சிரிப்பார்கள், சண்டை அணைந்துவிடும்.

இன்றைய வாக்குவாதம்: சீரியலில் பின்னணிச் சிரிப்பு தேவையா? தேவை என்றேன் நான். ஜ. எழுதினான்: “டேப்புல சிரிக்கிறவங்க எதுக்குச் சிரிச்சாங்கன்னு நமக்கு எப்புடிக்கா தெரியும்? வேற எதுக்கோ சிரிச்சதைக் கொண்டாந்து இங்க ஒட்டுறான்.” எதையாவது நோண்டாமல் இருக்க மாட்டான். ஓனர் கத்துவது பாசம் என்பேன், குடித்தனக்காரருக்கு அது பயம் என்பான். பன்னிரண்டு வருடமாக இதே சண்டை. “மூலையில பெட்டி எப்பவும் கட்டியே இருக்கும், பாக்கலியாக்கா?” என்பான். பெட்டியாவது கிட்டியாவது.

வியாழன் அன்று ஷார்ஜாவிலிருந்து ஊருக்கு வருகிறான். ஒரு மாதம் லீவு. அவன் ஊர் லெப்பைக்குடிக்காடு, இங்கிருந்து ரெண்டு பஸ்தான். இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஜன. 31, சனி

வெயில் ஏறிவிட்டது. மதியம் ஒரு லாரி மேடையிலேயே நின்றுபோனது, முக்கால் மணி நேரம் வரிசை. டிரைவர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்த முக்கால் மணியில் குரூப்பில் பெரிய ரகளை.

ஊருக்கு வந்த ஜ. வாக்காளர் பட்டியலைப் பார்த்திருக்கிறான். அவன் பெயர் இல்லை. பட்டியல் திருத்த ஃபாரம் கொண்டுவந்த அன்று அவன் மனைவி அம்மா வீட்டில், வீடு பூட்டு. அப்புறம் கொடுக்கவும் மறந்துபோச்சாம். ‘இடம் பெயர்ந்தவர்’ என்று போட்டிருக்கிறது. “என் வூட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு இதைப் படிக்கிறேன்” என்று எழுதினான்.

பாஸ்கர்: “வருசத்துல பதினோரு மாசம் அங்க இருக்கிறவருக்கு இங்க யார் ஆளணும்னு என்ன கவலை?”

ஜ.: “அந்தப் பதினோரு மாசமும் இந்த ஊரைத்தாங்க நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

பாஸ்கர் ஒன்று, வேறு யாரோ ஒன்று, மடமடவென்று நாற்பது மெசேஜ். ஒருவன் ‘எந்த ஊரை’ என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான். வழக்கம்போல நான் தண்ணீர் ஊற்றினேன்: “நாளைக்கே காலி பண்ணுய்யா!”

பதினாலு சிரிப்பு விழுந்தது. சண்டை நின்றது. ஜ.விடமிருந்து பதில் மட்டும் வரவில்லை. சாப்பிடப் போயிருப்பான்.

பிப். 1, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். தோசைமாவு புளித்துவிட்டது.

இன்னும் பதில் இல்லை. பார்த்துவிட்டான், நீலக் கோடு விழுந்திருக்கிறது. ஊர் வந்த அலுப்பு, விருந்தாளிகள்.

ஏதோ சரியில்லை.

பிப். 2, திங்கள்

காலை பத்து இருபதுக்குத் திரையில் சின்ன எழுத்தில் ஒரு வரி. ‘ஜமால் வெளியேறினார்.’

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதுக்கெல்லாமா? பன்னிரண்டு வருடமாக எத்தனை ஆயிரம் தடவை போட்ட வசனம். இவன்தானே முதலில் எனக்கு ஓனர் பட்டமே கொடுத்தான்!

சாயங்காலம் இவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இவர் பி.போ. பார்த்ததில்லை, குரூப்பிலும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்பது மெசேஜையும் பொறுமையாகப் படித்தார்.

“அந்தப் பையன் பேரு லிஸ்டுல இல்லன்னு அழுவுறான். நீ காலி பண்ணுங்கிற.”

“அது சீரியல் வசனங்க.”

“இதுல எங்க சீரியல் இருக்கு? நான் படிச்சதுல இல்லியே.”

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன், அப்படியே குடித்துவிட்டார்.

பிப். 4, புதன்

தூக்கம் சரியில்லை. வண்டி நம்பர் ஒன்று தப்பாக அடித்து, சிலிப் மாற்றிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

நாள் பூராவும் செய்கிற வேலை இது: ஒரே லாரியை ரெண்டு தடவை நிறுத்துவது. காலி எடை ஒன்று, லோடு எடை ஒன்று. அதே வண்டி, அதே நம்பர். பன்னிரண்டு வருடமாக அந்த வசனத்தைக் காலியாகவே ஓட்டியிருக்கிறேன். சனிக்கிழமை அதில் லோடு ஏறியிருந்தது, நான் எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பி.போ. பழைய எபிசோடு மூன்று பார்த்தேன். ஓனரைப் பார்க்காமல் மூலையைப் பார்த்தேன். இருக்கிறது. தகரப் பெட்டி, கயிறு சுற்றிக் கட்டினது. முதல் எபிசோடில் வாசலை ஒட்டி. பத்தாவதில் அதன்மேல் ஒரு தண்ணீர்ச் சொம்பு. முப்பதாவதில் பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. கயிறு மட்டும் அவிழவே இல்லை.

இந்தச் சீரியலை நான் எட்டு முறை பார்த்தவள்.

இன்னொன்று. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அன்று பாஸ்கர் சொன்னது கொஞ்சம் நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. வெளிநாட்டில் சம்பளம், இங்கே ஓட்டா என்று ஒரு நினைப்பு ஓடியது. என் சித்தி மகன் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். அவனைப் பற்றி ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை.

ஜ.வுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப். 5, வியாழன்

கேஸ் வந்தது. முழங்கால் தைலம் பிரயோசனமில்லை என்கிறார் இவர்.

மதியம் ஜ.விடமிருந்து மெசேஜ்: “போன் பார்க்கலக்கா, ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஞாயிறு வூட்டுக்கு வாங்க. சாப்பிட வாங்க.”

அதற்குமேல் ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப். 8, ஞாயிறு

ஏழரை பஸ். பெரம்பலூரில் இறங்கி அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ். வழியெல்லாம் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காய்கிறது, டிரைவர் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வசவு. ஜன்னல் சீட் கிடைத்தும் ஒன்றையும் ரசிக்கவில்லை. என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை.

பஸ் ஸ்டாண்டில் ஜ. நின்றிருந்தான். போட்டோவில் இருப்பதைவிடக் குட்டை. அவனும் என்னைப் பற்றி ஏதோ நினைத்திருப்பான்.

வாசலிலேயே அவன் மனைவி பரிதா பிடித்துக்கொண்டாள். “நீங்கதான் ஓனரம்மாவா! இவங்க போன்ல சிரிச்சா நாங்க கேப்போம், காலி பண்ணச் சொல்லிட்டாங்களான்னு.” ஜாங்கிரிப் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

ஹாலில் உட்கார்ந்தேன். மூலையில் பெரிய சூட்கேஸ். பாதிதான் பிரித்திருக்கிறது. மேலே மடித்த துணி, பக்கத்தில் நைலான் கயிறு.

நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். “முழுசாப் பிரிக்கிறதே இல்லக்கா. திரும்பக் கட்டணும்ல. எங்க வூட்டையே நான் மாசக் கடைசில காலி பண்றவன். இந்தத் தடவ பிப்ரவரி வேற, ரெண்டு நாள் நட்டம். பத்து நோன்பு இங்க வைப்பேன். பெருநாளைக்கு இருக்க முடியாது.”

“தப்புப் பண்ணிட்டேன் தம்பி” என்றேன்.

“ஐயோ, நீங்க ஜோக்காத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கா? பதில்கூட டைப் பண்ணிட்டேன். மாசக் கடைசி வரைக்கும்னு. அனுப்புறதுக்கு முன்னாடி கீழ சிரிச்சவங்க பேரைப் பார்த்தேன். பதினாலு பேரு. அதுல நாலு பேரு உங்க ஜோக்குக்குச் சிரிக்கல.”

“எப்புடித் தெரியும்?”

“தெரியும்க்கா.”

“யாரு அந்த நாலு பேரு?”

தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தான். “அது உங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் நீங்க அங்க இருக்க முடியாது. இருங்க. சோறு ஆயிடுச்சு.”

பாஸ்கர் சொன்னது எனக்கும் சரியென்று பட்டதையும் சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் பரிதா நெய்ச்சோறும் தாளிச்சாவும் கொண்டுவந்து வைத்தாள். சொல்லவில்லை. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ரெண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

அப்புறம் நாங்கள் பேசியதெல்லாம் சீரியல்தான். பெட்டியைப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னிடம் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. அவன் துள்ளிக் குதிக்கவில்லை. “ஓனர் நல்லவருதான்க்கா. அதையும் நான் இல்லன்னு சொல்லல” என்றான்.

திரும்பும் பஸ்ஸில், பையில் கிடந்த எடைச் சிலிப்பின் பின்பக்கம் பதினாலு பேர் பெயரையும் எழுதினேன். ஒவ்வொருவராக யோசித்தேன். என் கல்யாண நாளுக்கு வாழ்த்துப் போடுகிறவர்கள், இவருக்கு ரத்தம் வேண்டுமென்றபோது ஆள் அனுப்பியவர் ஒருவர். யாரை நினைத்தாலும் இருக்காது என்று படுகிறது. அடுத்த ஊர் வருவதற்குள் ஏன் இருக்காது என்றும் படுகிறது.

பிப். 9, திங்கள்

பனி குறைந்துவிட்டது. பத்து மணிக்குள் முப்பத்தோரு வண்டி.

டீ நேரத்தில் குரூப்பில் போட்டேன். நாலு முறை அடித்து அழித்து, கடைசியில் இது:

‘ஓனர் வேலையை இன்றோடு விடுகிறேன். அன்றைக்கு ஜமாலிடம் அந்த வசனம் போட்டது என் தப்பு. அதுக்குப் பதினாலு சிரிப்பு விழுந்தது. எல்லோரும் ஜோக்குக்குத்தான் சிரிச்சோமா என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும்.’

முதலில் திருமானூர்ப் பெண் ஒரு கும்பிடு. அப்புறம் இதயங்கள் விழ ஆரம்பித்தன. வண்டிகளுக்கு நடுவில் சிலிப்பை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பேனாவால் டிக் அடித்தேன். பன்னிரண்டரைக்குள் பதினாலு பேரும் இதயம் போட்டுவிட்டார்கள். பதினாலும்.

சிலிப்பைக் கிழித்துப் போட்டேன்.

பாஸ்கர் போன் செய்தான். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன்.

“அக்கா, அதுல நான் இல்லையே?”

“எனக்கெப்புடித் தெரியும் தம்பி. உனக்குத்தான் தெரியணும்.”

அவன் பக்கம் டிராக்டர் ஓடுகிற சத்தம்.

“பேரு சேர்க்க என்ன ஃபாரம் குடுக்கணும்னு இங்க விசாரிச்சுச் சொல்றேன். அவரு நம்பரை நீங்களே அனுப்பிடுங்க” என்றான். சரி என்றேன். அன்று எனக்கும் அப்படித்தான் பட்டது என்று என் பங்கையும் அப்போது சொல்லியிருக்கலாம். இப்போதும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஜ.வுக்கு குரூப் லிங்க் அனுப்பினேன். ‘வர்றியா தம்பி’ என்று மட்டும் கேட்டேன். ரெண்டு வண்டிக்கு எடை போட்டேன், மூன்றாவது வண்டி மேடை ஏறும்போது பதில் வந்தது.

‘மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்கக்கா.’

பின்னால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இன்னும் பத்தொன்பது நாள்.