துவைத்த உடைக்கு மட்டும் அனுமதி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பயணத்துக்காக மருத்துவர் கையெழுத்துப் போட்டு உறுதி செய்த நலத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் யாருடைய கையெழுத்தும் இல்லாமலே நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் போன் வந்தாலே அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறார், ஒரு மனிதரைப் பற்றி அவர் எதிரிலேயே எவ்வளவுதான் பேச முடியும். போன வாரம் நீ, எதுக்கும்மா இந்த வயசுல தென் துருவம், உனக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாலே தும்மல் வருமே என்று கேட்டபோது நான் மாப்பிள்ளையின் முதுகுவலிக்குப் பேச்சை மாற்றியது அதனால்தான். அவர் முதுகு இப்போது எப்படி இருக்கிறது.

பயணம் முடிவாகிவிட்டது. சின்னவன் வேலை பார்த்த கப்பல் இல்லை, அது இப்போது வேறு பெயரில் வேறு வண்ணம் பூசிக்கொண்டு எங்கேயோ ஓடுகிறதாம். இது வேறு கம்பெனி, ஆனால் அதே கடல், உன் தம்பியின் ரப்பர் படகு கவிழ்ந்த அதே விரிகுடா இவர்கள் இறங்கும் இடங்களிலும் இருக்கிறது. உடல் கிடைக்காததால் போய் நிற்பதற்கு என்று நமக்கு இந்த பூமியில் அந்தக் கரையை விட்டால் வேறு இடம் இல்லை என்கிறார் அப்பா.

பயண ஏற்பாட்டு அலுவலகம் டயர் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருக்கும் பெண் இதுவரை விற்றதெல்லாம் கடற்கரை விடுதிகள், பனிக்கட்டியை அவள் ஜூஸில்தான் பார்த்திருப்பாள். நல்ல பெண். ஏதாவது ஸ்பெஷலா அங்கிள், வெடிங் டே, பர்த்டே மாதிரி, சொன்னீங்கன்னா கப்பல்ல கேக் வெட்டுவாங்க என்றாள். அப்பா, பையனைப் பாக்கப் போறோம் என்றார். அய்யோ, அவரு அங்கேயேதான் இருக்காரா அங்கிள் என்று அவள் கண்ணை விரித்தாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம்மா, அங்கேயேதான் இருக்கான் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் இப்படித்தான் உண்மை வரும். கேக்குக்குச் சொல்லியாயிற்று, அதை வேண்டாம் என்று சொல்லப் போனால் காரணம் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு வரவில்லை. கடலில் ஏதோ ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்பின் தெரியாதவர்கள் கைதட்ட நாங்கள் கேக் வெட்டுவோம். அந்த விரிகுடாவில் நிச்சயமா இறங்குவோம்ல என்று அப்பா கேட்டதற்கு அவள், எக்ஸ்பெடிஷன்னா அப்படித்தான் அங்கிள், பிளான்னு ஒண்ணு இருக்கும், ஆனா அது பிளான் கிடையாது, ஐஸ் வழி விட்டாத்தான் என்றாள். நான் கேட்டதிலேயே நேர்மையான விற்பனைப் பேச்சு அதுதான்.

அறை எடுத்தபோதும் அப்பா எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் தளத்தில்தான் எடுத்தார், எஞ்சின் சத்தம் கேட்குமே அங்கிள் என்று அவள் எச்சரித்தாள், கேக்கட்டும்மா என்றுவிட்டார். சின்னவன் படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தவன், அவன் படுக்கை இருந்த மட்டத்தில் நாங்களும் படுக்க வேண்டுமாம். இன்சூரன்ஸில் உடலைத் திருப்பிக் கொண்டுவரும் பிரிவை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு வாங்கினார். வீட்டிலும் ஒத்திகை நடக்கிறது. ஹால் சோபா கப்பல், நாம் துணி ஊறவைக்கும் பெரிய டப் படகு. ஏறும்போது உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, வழுக்கிவிடும், ஒருவர் முன்கையை ஒருவர் மணிக்கட்டுக்கு மேலே பற்ற வேண்டும். ஆயுள் முழுக்க லிஃப்டுகளைச் சோதித்து, இதில் இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று அடுத்தவர்களை இறக்கிவிட்டவர் இப்போது டப்பில் நின்றுகொண்டு, பிடி, இன்னும் இறுக்கிப் பிடி, என்ன பூ பறிக்கிறியா என்று என்னை அதட்டுகிறார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் கையை இவ்வளவு அக்கறையாகப் பிடித்தது இப்போதுதான். பாதித் தடவை ஒத்திகையை நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அந்தக் கோட்டைப் பற்றி. சின்னவனின் சாமான்களோடு பெட்டியில் வந்ததே, சிவப்புக் கோட்டு, அன்றைக்கு அவன் அதைப் போட்டுக்கொண்டு போகாததால்தான் நமக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கரையில் இறங்க வேண்டும், அப்பாவுக்கு இந்தப் பயணமே அதற்குத்தான். இப்படி இருக்கும்போது கப்பல்காரர்கள் ஒரு வீடியோ அனுப்பினார்கள். தாடிக்காரர் ஒருவர் சிரித்த முகமாகச் சொல்கிறார், கரையிறங்கப் போடும் உடை எல்லாம் துவைத்திருக்க வேண்டும், பைகளை வாக்யூம் கிளீனரால் உறிஞ்சியிருக்க வேண்டும், பர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்திருக்க வேண்டும். வெளியூர் விதை ஒன்று, முடி ஒன்று, அழுக்கு ஒன்று அந்தப் பனியில் விழக் கூடாது. கப்பலில் சோதித்துப் பார்த்துத்தான் இறக்குவார்கள். வெளியூர் ஆட்களே அங்கே விழுந்து கிடக்கிறார்கள், அதற்கு வீடியோ இல்லை.

அந்தக் கோட்டு வந்த நாளிலிருந்து அப்பா அதைத் துவைக்க விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். தினம் காலையில் அலமாரியைத் திறந்து, கழுத்துப் பட்டையில் முகத்தை வைத்துவிட்டு மூடுவார், நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாகப் போட்டுக்கொண்டிருப்பேன். நான் சொன்னேன், துணி துணிதாங்க, துவைச்சா அவன் ஒண்ணும் போயிட மாட்டான். உன் சித்தி வந்தவள், துவைச்சாச்சுன்னு சொல்லிட்டுப் போங்க அத்தான், அங்க யாரு மோந்து பாக்கப் போறா என்று சிரித்தாள். அந்த வேலையைச் செய்கிற ஆள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. விதியை மீற அப்பாவுக்கு வராது, ஓட்டை லிஃப்டுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போடாதவர். பயணப் பெண் மூலமாகக் கப்பலுக்கே கேள்வி அனுப்பினார். கப்பலுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், துவைக்காததைப் போட்டுக்கொண்டு கரையில் கால் வைக்க முடியாது என்று பதில் வந்தது, உங்கள் பயணம் இனிமையாக அமையட்டும் என்றும் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்துக் கோட்டைப் போட்டார். ஊசி, டார்ச், கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார். சரி, மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார், துவைக்கப் போகிறார் என்று நான் சோப்புத் தண்ணீர் கலக்கப் போனேன். திரும்பி வந்தால் இடது கை ஒட்டுப்பட்டையிலிருந்து ஊசி முனையில் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். சுருட்டை முடி. நம் வீட்டில் அவனைத் தவிர யாருக்கும் சுருட்டை கிடையாது. அவர் அழவில்லை, அதையாவது செய்திருக்கலாம். அதே பட்டையில் அதே இடத்தில் அந்த முடியை மறுபடி வைத்து, மேலே கட்டை விரலால் அழுத்தி ஒட்டினார். கோட்டை மடித்தார். நீ இறங்கு, நான் கப்பல்லயே நிக்கறேன் என்றார். சோப்புத் தண்ணீரில் பிறகு கால்மிதியைத் துவைத்தேன்.

ஆக, இந்தப் பயணத்தை நினைத்து ஏங்கி, ஏற்பாடு செய்து, டப்பில் நின்று பழகியவர் கோட்டைப் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நிற்பார், போகவே பிடிக்காத நான் புதுக் கோட்டும் கப்பலில் தரும் பூட்ஸுமாக இறங்குவேன். ஐஸ் வழி விட்டால். இதில் உனக்கு மட்டும் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. அவர் குளிக்கப் போயிருந்தபோது நானும் ஒருநாள் அந்தக் கழுத்துப் பட்டையை முகர்ந்து பார்த்தேன். அந்துருண்டை வாசனைதான் வந்தது. எவ்வளவு காலமாக அப்படி என்று தெரியவில்லை, அவருக்குத் தெரியுமா என்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு துவைப்பது பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கரையில் என்னென்ன கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது, பூ கூடாது, ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. பறவைகளுக்கு நோய் பரவுமாம், அதனால் தரையில் உட்காரக் கூடாது, மண்டியிடக் கூடாது, படுக்கக் கூடாது. நிற்கலாம். அழக் கூடாது என்று எங்கும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அப்படின்னா அங்க போய் நான் என்னதான் பண்றது என்று அப்பாவிடம் கேட்டேன். மேல இருந்து நான் பாத்துட்டே இருப்பேன், நீ கையை மட்டும் ஆட்டு என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நீ பத்திரமாக இரு, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் குனிந்து எதையும் தூக்க விடாதே. நீங்கள் இருவரும் நீண்ட காலம், தரையில், நன்றாக வாழ வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். அப்பா போனில் பேசினால் பென்குயினைப் பற்றிக் கேள், கோட்டைப் பற்றிக் கேட்காதே. ஒன்றை மட்டும் நினைவில் வை. எங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடு, அந்தக் கோட்டு மட்டும் உன்னிடம் வரும். அதைத் துவைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா