பதினோராவது படம்

திண்டுக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள வினோலியாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நைரோபியில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், பாப்பாவும் பக்கத்தில் நின்று கேட்பாள். அதனால்தான் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

நீ கிளம்பிய மறுநாள் பேப்பரில் உன் போட்டோ வந்தது. உலகச் சுற்றுச்சூழல் மாற்றத்தை ஆராயும் இளம் விஞ்ஞானிகள் மாநாட்டுக்குத் திண்டுக்கல் பெண் தேர்வு என்று தலைப்பு. எங்கள் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். செய்தியின் கடைசியில், அகரம் ஊருக்கு வெளியே ஒரு கிணறு வற்றியதற்கு மழைக் குறைவு மட்டுமல்ல, பக்கத்துக் கல்குவாரியும் காரணம் என்று நீ அங்கே பேசப்போவதாகப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் என் வண்டியில் சாய்ந்து நிற்கிறார். குவாரியிலிருந்து வருவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். "உலகம் சூடாகுதுன்னு மேடம் அம்புட்டு நேரமும் பேசட்டும் சார், யாரு வேணாங்கறா? நம்ம குவாரி எதுக்கு அதுல?" என்றார். பிறகு குனிந்து பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "மஞ்ச வேன்லதான பள்ளிக்கூடம் போற? முன் சீட்டுதான?" என்று கேட்டார். பாப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வண்டிச் சாவியைத் துவாரத்தில் போட எனக்கு வெகுநேரம் ஆனது.

நேற்று பெரியகருப்பன் அண்ணனை நம்பர் பிளேட் இல்லாத டிப்பர் லாரி ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது. மாதாமாதம் உன்னைத் தன் கிணற்றில் இறங்கி அளக்கவிட்ட மனிதர். கால் எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "என் பேர எடுத்துரச் சொல்லுங்க சார். ரெண்டு பொட்டப்புள்ள வச்சிருக்கேன்" என்றார். யார் இடித்தது என்று தெரியவில்லை என்றுதான் போலீஸிடமும் சொல்லியிருக்கிறார்.

வினோ, நீ போகுமுன் மாநாட்டில் திரையில் காட்டும் படங்களை வைத்து நம் ஹாலில் பேசிப் பார்த்தாயே, அந்தப் பதினோராவது படம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மழையின் கோடு மெல்ல இறங்குகிறது. கிணற்றின் கோடு செங்குத்தாக விழுகிறது. கீழே அந்தக் குவாரிப் பள்ளம், ஓரத்தில் கிணற்றுக்காரர் என்று அண்ணன் பெயர். அதை மட்டும் எடுத்துவிடு. நீ எத்தனை வெயிலில் அலைந்து அதைச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கெஞ்சுகிறேன்.

உன்,
ஆனந்த்ராஜ்.


தொப்பம்பட்டி,
சனிக்கிழமை.

அன்புள்ள வினோ,

"எடுத்துவிட்டேன்" என்று நீ அனுப்பிய ஒற்றை வார்த்தையை எத்தனை முறை படித்திருப்பேன்! வியாழக்கிழமை நீ பேசியதை நேரலையில் பார்த்தோம். பத்தாவது படம் முடிந்ததும் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தாய். அந்த இடம் எது என்று அந்த அரங்கில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே தெரிந்தது. அன்று சாயந்தரமே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பால்கோவா டப்பாவோடு திண்டுக்கல் வீட்டுக்கே வந்துவிட்டார். "முழுசும் பார்த்தோம் சார். மேடம் சொன்ன பேச்சக் கேக்குறவங்க" என்றார். மேற்கொண்டு முப்பது ஏக்கர் தோண்டப் போகிறார்களாம். குவாரியால் நிலத்தடி நீருக்குப் பாதிப்பில்லை என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழமை மதுரைக்குத்தான ஃப்ளைட்டு? நீங்க அலைய வேணாம். நாங்களே கார் அனுப்பிக் கூட்டியாந்துர்றோம்."

நீ வரும் நாளை நான் யாரிடமும் சொல்லவில்லை, வினோ.

ஒன்றைக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியகருப்பன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முப்பது ஏக்கரில் அவர் வெள்ளாமைக் காடும் வருகிறது. இந்த முறை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. "என் பேரு கெடக்கட்டும் சார். போட்டுக்கச் சொல்லுங்க" என்றார்.

மாநாட்டு மலருக்குக் கட்டுரையை நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று சொன்னாயே. அந்தப் படத்தை அதில் போட்டுவிடு. இங்கே நடப்பதையெல்லாம் மாநாட்டுக்காரர்களிடமும் உன் கூட்டாளிகளிடமும் சொல். நமக்கு வெளியேயும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். நம் கோயில் பங்கைச் சேர்ந்த வக்கீல் ஸ்டீபன்ராஜ் நேற்றே என்னோடு வந்து கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார். பாப்பாவை இங்கே சகாயசெல்வி அக்கா வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இரண்டு நாள் லீவு என்று சொல்லியிருக்கிறேன். ஆட்டுக்குட்டிகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் நான்தான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மதுரைக்கு வராதே. டிக்கெட்டைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொள். யாரிடமும் சொல்லாதே. ஸ்டீபன்ராஜும் நானும் முன்கூட்டியே வந்து விமான நிலைய வெளிவாசலில் நிற்போம். என் முகத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வெளியே வா. நான் அங்கே இல்லையென்றால், நான் அனுப்பியதாக யார் வந்து சொன்னாலும் நம்பாதே. உள்ளேயே உட்கார்ந்துகொண்டு முதலில் அக்காவுக்குப் போன் போட்டுப் பாப்பாவிடம் பேசு. அப்புறம் என்னைத் தேடலாம்.

மாதா உன் கூடவே வரட்டும்.

உன்,
ஆனந்த்ராஜ்.